இருபத்து நான்காவது சண்டை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். எனக்குப் பிடிக்காததை விட்டுவிட மாட்டேன். பெருமையானதை ஊதிப் பெரிதாக்கவும் மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன்.

காரணம் இருக்கிறது. என் அக்கா பொற்கொடி குத்துச்சண்டை வீராங்கனை. நாற்பத்தெட்டு கிலோ பிரிவு. இதுவரை இருபத்து மூன்று சண்டை, இருபத்து மூன்றிலும் வெற்றி. இந்த மாதக் கடைசி ஞாயிறு மாவட்டப் போட்டி. அதில் ஜெயித்தால் இருபத்து நான்கு. எங்கள் வியாசர்பாடியில் தோல்வியே இல்லாமல் இருபத்து நான்கு சண்டை ஆடியவர் ஒரே ஒருவர்தான். இடி ஏகாம்பரம். அது ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதை.

அவருடைய இருபதாவது சண்டை ரயில்வேக்காரர் ஆர்தரோடு நடந்தது. ஆர்தர் குத்து வாங்கி விழுந்தாரா, மழையில் நனைந்த தரையில் வழுக்கி விழுந்தாரா என்று தேசிங்கு சலூனில் இன்றுவரை சண்டை நடக்கிறது. பார்த்தவர்கள் யாரும் அன்றைக்கே எழுதி வைக்காததுதான் இதற்கெல்லாம் காரணம் என்பது என் கருத்து. அக்காவின் சண்டைக்கு அந்தக் கதி வரக்கூடாது.

என்னைப் பற்றி: பெயர் மணிமொழி. ஒன்பதாம் வகுப்பு. அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மா ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறாள்.

இன்று அக்கா விடியும் முன்பே ஓடப் போனாள். நான் ரேஷன் கடைக்குப் போனேன். சர்க்கரை வரவில்லையாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பள்ளி விட்டதும் சலூனுக்குப் போனேன். முடி வெட்ட அல்ல. தேசிங்கு அண்ணன் சலூன் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் எங்கள் குத்துச்சண்டை கிளப்பில் ஆடுபவர்களின் கணக்கு எழுதியிருக்கும். எழுதுவது நான்தான். ஆறாம் வகுப்பில் என் கையெழுத்தைப் பார்த்து அண்ணன் கொடுத்த பொறுப்பு அது. அதோடு, நூலகத்தில் பழைய விளையாட்டுப் பத்திரிகைகளையும் விதிப் புத்தகத்தையும் படித்திருக்கிறேன் என்பதால், வாதம் முற்றினால் என்னிடம் தீர்ப்புக் கேட்பார்கள்.

இன்றும் ஆர்தர் சண்டைதான். ஓய்வு பெற்ற மில் தொழிலாளி முனிரத்தினம் மாமா குத்துக் கட்சி. பெயின்டர் ஜார்ஜ் மாமா வழுக்கல் கட்சி.

“நாலாவது ரவுண்டுல உட்டாரு பாரு ஒரு லெஃப்ட்டு! ஆர்தரு அப்டியே மூட்ட மாதிரி சாஞ்சான்.”

“நீ பாத்தியா?”

“எங்க மாமன் பாத்தாரு.”

“உங்க மாமனுக்கு அப்பவே கண்ணுல புரை. தரையெல்லாம் தண்ணி நைனா. ஆர்தரு வழுக்கினான்.”

“அப்ப ஏகாம்பரம் இன்னா பண்ணிக்கினு இருந்தாரு? கொட புடிச்சுக்கினு இருந்தாரா?”

தேசிங்கு அண்ணன் சீப்பைக் காட்டி என்னிடம் கேட்டார்: “பாப்பா, நீ சொல்லு. ஏகாம்பரம் இருபத்தி நாலு பெருசா, பொற்கொடி இருபத்தி நாலு பெருசா?”

எண்ணிக்கையை மட்டும் பார்க்கக்கூடாது, யாரை எந்த நிலையில் வென்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அக்கா இன்னும் இருபத்து நான்கு ஆடவில்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“வக்கீலு,” என்றார் ஜார்ஜ் மாமா.

அவர்கள் போன பிறகு, பலகையின் மூலையில் 24 என்று எழுதிப் பார்த்தேன். உடனே அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அக்காவின் எடை ஐம்பது கிலோ நானூறு கிராம். இரவுக்கு இரண்டு இட்லி மட்டும். என் பங்கு வறுத்த நெத்திலியை வாசலில் போய்ச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கிளப்பில் பயிற்சிச் சண்டை. போலீஸ் அணியின் ஸ்டெல்லா அக்கா வந்திருந்தார். இரண்டாவது ரவுண்டில் அக்கா பின்வாங்கும்போது மடங்கியிருந்த விரிப்பில் கால் தட்டி மல்லாக்க விழுந்தாள். பின்தலை தரையில் பட்டது. ஹெட்கார்டு போட்டிருந்தாள். பயிற்சியாளர் தயாளன் மாஸ்டர் விரலைக் காட்டி “எத்தினி?” என்றார். “ரெண்டு,” என்றாள். சரிதான். மேலும் இரண்டு ரவுண்டு ஆடினாள். நன்றாக ஆடினாள். ஸ்டெல்லா அக்காவின் மூக்கில் ரத்தம் வந்தது.

பஸ்ஸில் வரும்போது அக்கா என்னிடம், “மொழி, இன்னிக்கு ஸ்டெல்லா வரேன்னு சொன்னா இல்ல? வந்தாளா?” என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அறிவியல் தேர்வு. ஐம்பதுக்கு நாற்பத்து ஏழு. அம்மாவின் செருப்பு அறுந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

அக்கா காலையில் கஞ்சிக்கு உப்புப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போட்டாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, “இன்னாமா, கடல மொண்டாந்து ஊத்திட்டியா?” என்றார். பசியில் இருப்பவள் சமைத்தால் இப்படித்தான் என்றாள் அம்மா.

மாலை அக்கா வாந்தி எடுத்தாள். மாஸ்டரிடம் சொன்னேன். எடை இறக்கும் நாட்களில் அது சகஜம் என்றார்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே எழுத வேண்டும். இது கிளப்பில் எல்லா வீட்டிலும் உண்டு. சண்டைத் தேதி குறித்த நாளிலிருந்து சண்டை முடியும்வரை, ஆடப்போகிறவரிடம் யாரும் ‘வலிக்குதா’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் கைக்குப் பலம் போய்விடும். ஆடுகிறவரும் வலியைச் சொல்லக்கூடாது. அதனால் அம்மா ஒன்றும் கேட்காமல் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

இந்த வழக்கத்துக்கு அறிவியல் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இருபத்து மூன்று முறையும் கடைப்பிடித்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். பேச்சுப்போட்டியில் இரண்டாம் பரிசு, ஒரு சில்வர் டப்பா.

கிளப்பிலும் கொடியேற்றினார்கள். ஏற்றியவர் ஏகாம்பரம். அவரைப் பேபியம்மா, அதாவது அவர் மனைவி, கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். கொடிக் கயிற்றைப் பிடித்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் கூடப் பிடித்து இழுத்தார்.

பிறகு எல்லோரும் சலூன் வாசலில் உட்கார்ந்தோம். ஏகாம்பரத்துக்கு நாற்காலி போட்டார்கள். முனிரத்தினம் மாமாவும் ஜார்ஜ் மாமாவும் அவர் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள். குத்தா, வழுக்கலா?

எனக்கு ஒரு யோசனை வந்தது. நேரில் ஆடியவரே இருக்கும்போது மற்றவர்கள் ஏன் சண்டை போட வேண்டும்? நான் போய் அவரிடம், “தாத்தா, ஆர்தர் எப்படி விழுந்தாரு?” என்று கேட்டேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “ஆர்தரு யாரு?”

 முனிரத்தினம் மாமா தொடையில் தட்டி, “பாத்தியா! ஆர்தர் யாருன்றாரு! அவருக்கு அவன்லாம் ஒரு ஆளே இல்ல!” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பேபியம்மா மட்டும் அவர் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆர்தர் சண்டைக்குச் சாட்சி தேடி பேபியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் ஏகாம்பரத்துக்கு இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னாடி கண்ணு, பேப்பர் பேனாவோட வந்துகீற? கவர்மெண்ட்டு கணக்கெடுப்பா?”

“இல்லம்மா. ஆர்தர் சண்டையப் பத்தி எழுதணும்.”

“அதுக்குத்தான் சலூன்ல ஒரு கூட்டமே கீதே.”

“அவங்க யாரும் பாக்கல. நீங்க பாத்தீங்களா?”

“நான் எங்க பாக்கறது? கல்யாணமாயி ஆறு மாசம். வூட்ட வுட்டு வெளிய வர்றதே கஷ்டம். ஜெயிச்சிட்டாருன்னு தெருவே கத்திக்கினு வந்துச்சு. கழுத்துல மால, ரிக்ஷால குந்த வெச்சு இட்டாந்தாங்க.”

“அப்ப அவர் ஜெயிச்சது நிச்சயம்தானே?”

“ஜெயிச்சாரு. உள்ள வந்து குந்துனாரு. சோறு போட்டேன். துன்னாம என்னியே பாத்தாரு. ‘நீ யாரு வூட்டுப் பொண்ணு’ன்னு கேட்டாரு.”

நான் பேனாவை நிறுத்திவிட்டேன்.

“வெளாட்றார்னு நெனச்சேன். கூட வந்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். புதுப் பொண்ணு, வேற இன்னா செய்யறது? காலைல எழுந்து பேபின்னு சரியாத்தான் கூப்ட்டாரு.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் இன்னா? இன்னும் நாலு சண்ட ஆடினாரு. இருபத்தி நாலு ஆக்கணும்னு எல்லாருக்கும் ஆச. தலவலின்னு செவுத்துல முட்டிக்குவாரு. நான் ஒருநாள் கூட வலிக்குதான்னு கேக்கல. கேக்கக்கூடாதுன்னாங்களே.”

ஏகாம்பரத்தின் வாயோரத்தில் ஒட்டிய சட்னியைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: “உங்க அக்கா நல்லாத் தூங்குதா?”

தூங்குகிறாள் என்றேன். காபி வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து கணக்கு வீட்டுப்பாடம் முடித்தேன். பன்னிரண்டு கணக்கு. ஏழாவது மட்டும் விடை வரவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

அக்கா இன்று என்னைச் செல்வி என்று கூப்பிட்டாள். செல்வி எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவள். காலி செய்து போய் மூன்று வருடமாகிறது.

ஆகஸ்ட் 20, புதன்

அப்பாவிடம் பேசினேன். அவர் லாரியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“அப்பா, சண்டைக்கு முன்னாடி அக்காவ ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டலாமா?”

“எதுக்கு?”

“சும்மாதான். சத்து மாத்திரை எதாவது...”

“தேதி குறிச்சாச்சு. இப்பப் போய் ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கறதா? வாய வெச்சுக்கினு சும்மா இரு மொழி. பத்து நாளு.” பிறகு கொஞ்சம் இளகிப்போய், “ஹார்பர் கேட்ல சென்ட்ரி கூட கேக்கறான், உன் பொண்ணு எப்ப இருபத்தி நாலுன்னு. என் ஐடி கார்டக்கூட இப்பப் பாக்கறதில்ல தெரியுமா?” என்றார்.

அப்பா இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால் மேலே பேசவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எடை நாற்பத்தொன்பது. பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் கயிறு தாண்டினாள். நடுவில் நின்று தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். நான் மாடிப்படியில் நின்று வரலாற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

வரலாற்றில் எந்தப் பாடம் என்று இப்போது நினைவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

மாஸ்டர் வீட்டுக்கு வந்து நீல நிற பனியன் கொடுத்தார். அம்மா தோள்பட்டையைப் பிடித்துச் சின்னதாக்கினாள். அக்கா போட்டுக் காட்டினாள். அழகாக இருந்தாள். கன்ன எலும்பு தெரிந்தது. கண்ணாடி முன்னால் நின்று, “சனிக்கிழமைதானே?” என்றாள். ஞாயிறு என்றாள் அம்மா. “தெரியும், தெரியும்,” என்றாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இதை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் மாநகராட்சித் திடலுக்குப் போனோம். அப்பா, மாஸ்டர், அக்கா, நான். அம்மா சண்டை பார்க்க வரமாட்டாள். பின்னாடி முனிரத்தினம் மாமாவும் ஜார்ஜ் மாமாவும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தார்கள்.

எடை பார்ப்பதற்கு முன் டாக்டர் சோதனை. பெண் டாக்டர். பள்ளி பெஞ்சு ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையில் பதினைந்து பேர் இருக்கும். நாடி, ரத்த அழுத்தம், கண்ணில் டார்ச். நான் தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் நின்றேன். எடை பார்த்த பிறகு அவள் முதலில் சாப்பிடப்போவது அந்த வாழைப்பழம்தான்.

அக்காவின் முறை வந்தது.

“தலவலி, வாந்தி, மயக்கம் எதாவது உண்டா?”

“இல்ல மேடம்.”

“சமீபத்துல தலைல அடி?”

“இல்ல மேடம்.”

டாக்டர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

நான் கேட்டேன்: “அக்கா, வலிக்குதா?”

சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்களில் பாதிப்பேர் எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஒரு அம்மா தன் பெண்ணின் காதைப் பொத்தினார். அப்பா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு இன்னும் வலிக்கிறது. மாஸ்டர், “ஏய் பாப்பா, இன்னா பேசற, வெளிய போ,” என்றார்.

“வலிக்குதாக்கா?” என்று மறுபடி கேட்டேன்.

அக்கா பனியன் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“உன் பேரென்னம்மா?”

“பொற்கொடி.”

“இன்னிக்கு என்ன கிழமை?”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பள்ளியில் பரீட்சையில் விடை தெரியாத பிள்ளைகள் என்னைப் பார்ப்பதுபோல. நான் உதட்டை அசைத்தாலே போதும், அவள் சொல்லிவிடுவாள்.  நான் உதட்டை அசைக்கவில்லை.

“சனி,” என்றாள் அக்கா.

டாக்டர் அவளை உட்கார வைத்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். மூன்று சொல் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். அவளுக்கு ஒன்றுதான் நினைவிருந்தது. டாக்டர் மாஸ்டரிடம், “இந்தப் பொண்ணு இன்னிக்கு ஏறக்கூடாது. நேரா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றார்.

அப்பா என் தோளை விட்டார்.

வாழைப்பழத்தை யார் சாப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. என் கையில் இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

நான் பள்ளிக்குப் போகவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை. மூளை அதிர்ந்திருக்கிறது என்றும், அது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டிருந்தால் எதுவும் நடந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். மூன்று மாதம் கிளப் பக்கமே போகக்கூடாது. அதன் பிறகும் அவர்கள் பார்த்துச் சொன்னால்தான். இப்போதைக்கு டிவி, போன், சத்தம், வெளிச்சம் எதுவும் கூடாது.

அக்கா என்னோடு பேசவில்லை. அப்பாவும்தான். அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். இரட்டைச் சடை. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு எனக்கு அவள் தலை வாரியதில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

அதே.

செப்டம்பர் 3, புதன்

மாஸ்டர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல செய்தியும் கொண்டுவந்தார் என்று அப்பா சொல்கிறார்.

“எட பாக்கறதுக்கு முன்னாடியே டாக்டரு நிறுத்திட்டாங்க. யாரோட யாருன்ற டிராவுல பேரே ஏறல. அதனால இது தோல்வி இல்ல. சண்டக் கணக்குலயே வராது. இருபத்தி மூணு அப்டியே கீது,” என்றார் மாஸ்டர்.

நான் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருக்கிறது. இரண்டு முறை படித்தேன். மாஸ்டர் சொல்வது சரி.

“அக்டோபர் கடைசில மதுரைல ஓப்பன் டோர்னமெண்ட். அங்க இருபத்தி நாலு,” என்றார்.

“டாக்டர் மூணு மாசம்னு சொன்னாரே,” என்றாள் அம்மா.

“டாக்டருங்க எப்பவும் ஒண்ணுக்கு ரெண்டாத்தான் சொல்வாங்க,” என்றார் அப்பா. “எல்லாரும் கேக்கறாங்க மாஸ்டர். வியாசர்பாடியே காத்துக்கினு கீது. கிளப் பசங்க பேனர் கூட அடிக்கக் குடுத்துட்டாங்களாம், ‘தோல்வி அறியாத பொற்கொடி’ன்னு.”

இருட்டறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: “அக்டோபர்ல ஆடறேன் மாஸ்டர்.”

மாஸ்டர் ஆப்பிளைப் பையோடு தரையில் வைத்தார். அக்கா இருந்த பக்கம் பார்த்தார். “ரெஸ்ட் எடும்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அம்மா சாயங்காலம் முழுக்க ஒரே சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

பள்ளியில் ஆசிரியர் தின விழா. நான் நன்றியுரை சொன்னேன். வரும் வழியில் பேபியம்மா வீட்டு வாசலில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்னேன். அவரும் வணக்கம் சொன்னார். கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, கும்பிட்ட கையை அவர் இன்னும் இறக்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

சலூனில் கூட்டம். மாஸ்டர் ஷேவிங் செய்துகொள்ள வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகம் முழுக்க நுரை. தேசிங்கு அண்ணன் கத்தியை அவர் தொண்டையில் வைத்திருந்தார். மற்றவர்கள் கரும்பலகைக்குக் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது ஆர்தர் சண்டையை எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆடாத சண்டைதான் பேச்சு.

“ஆடவே இல்லியே, எப்டி தோல்வி ஆவும்? இருபத்தி மூணு நிக்குது!” என்றார் முனிரத்தினம் மாமா.

“மத்த பொண்ணுங்க அடுத்த சுத்துக்குப் போயிட்டாங்களே? பொற்கொடி வெளியதான? அப்ப இன்னா அர்த்தம்?” என்றார் ஜார்ஜ் மாமா.

“நீ எப்பவும் ஜெயிச்சவங்களுக்கு எதிர்க்கட்சிடா!”

“பாப்பா வந்துச்சு. வக்கீலக் கேளு. பாப்பா, ரூல் புக்குல இன்னா போட்டுக்கீது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாக்பீஸை எடுத்தேன்.

“தோல்விதான்,” என்றேன்.

“இன்னாது?”

“போட்டிக்குப் பேர் கொடுத்து, சோதனை வரைக்கும் வந்து, டாக்டர் நிறுத்தினா, எதிராளிக்கு வெற்றி. நமக்குத் தோல்வி. அப்படித்தான் போட்டிருக்கு.”

“நெசமாவா?”

“நான் ரெண்டு முறை படிச்சேன்.”

மாஸ்டரின் கண் கண்ணாடியில் என் பக்கம் திரும்பியது. வாயைத் திறக்கப் பார்த்தார். “ஆடாத மாஸ்டர், கத்தி பட்டுரும்,” என்றார் தேசிங்கு அண்ணன். நான் பலகையில் பொற்கொடி என்ற பெயருக்கு எதிரே எழுதினேன். வெற்றி 23. தோல்வி 1. ஒன்று கொஞ்சம் கோணலாக வந்தது. அழித்து நேராக எழுதினேன்.

முனிரத்தினம் மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப ஏகாம்பரம் கணக்கு அப்டியே நிக்குது,” என்றார். “அத்த இனிமே யாரும் தொட முடியாது.” அவருக்கு அது வருத்தமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை.

“பேனர்காரனுக்குப் போன் போடுங்கடா,” என்றார் ஜார்ஜ் மாமா.

ஷேவிங் முடிந்தது. மாஸ்டர் காதுக்குப் பின்னால் இருந்த நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டே பலகைக்கு முன்னால் வந்து நின்றார். வெகுநேரம் நின்றார். 

“கொயந்த ரூல் புக்க நல்லாப் படிச்சுகீது,” என்றார். காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் அப்பாவுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. நேராக மாஸ்டரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். ஆணியில் மாட்டாமல் அது கீழே விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினார். மாஸ்டர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள்.

“ரூல்னா ரூல்தானாம்.” அப்பா சட்டையைக் கழற்றினார். “தோத்தவளுக்கு இன்னா அவசரம். டிசம்பர்ல பாத்துக்கலாம். டாக்டரு சொல்றப்ப சொல்லட்டும்.”

மத்தியானம் அம்மா வஞ்சிரம் வறுத்தாள். அக்காவுக்கு மூன்று துண்டு வைத்தாள். எடையைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாலையில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு. ஜன்னலில் அம்மாவின் பழைய புடவை தொங்கியதால் அறை இருட்டாக இருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“சலூன்ல நீதான் சொன்னியா?”

“ஆமாக்கா.”

“ரூல்ல நெசமா அப்டித்தான் போட்டுக்கீதா?”

“ஆமாக்கா.”

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் புடவையில் இருந்த பூக்களைப் பார்த்தேன்.

“பொய் சொல்லும்போது உனக்கு மூக்கு வேர்க்கும்டி,” என்றாள்.

நான் மூக்கைத் துடைத்தேன். அவள் சிரித்தாள். சிரித்தால் தலை வலிக்கும் போல, உடனே கண்ணை மூடிக்கொண்டாள்.  தூங்கிவிட்டாள் என்று நான் எழுந்தபோது என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“நாளைக்கு ஆஸ்பத்திரில வரச்சொல்லிகீறாங்க. நீயும் வா.”

“ஸ்கூல் இருக்கு.”

“லீவு போடு. அவங்க என்ன என்னமோ கேக்கறாங்க மொழி. எப்ப விழுந்த, அப்புறம் இன்னா ஆச்சு, எத்தினி நாளா மறந்து போவுதுன்னு. எனக்குத் தெரியல. ஸ்டெல்லா வந்ததே எனக்குத் தெரியல. அம்மா சொல்லித்தான் தெரியும்.” என் பாவாடையை விடவில்லை. “எனக்கு மறந்ததெல்லாம் நீ சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு.”

சொல்கிறேன் என்றேன்.

விடுமுறைக் கடிதம் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். அவர் படிக்காமலே போட்டுக் கொடுத்தார். சீருடையை மடித்து வைத்தாயிற்று. வெளிச்சம் அக்காவின் கண்ணைக் கூசுகிறது என்று அம்மா சொன்னதால் நோட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து, தெருவிளக்கில் இதை முடிக்கிறேன். உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள்.